தேய்க்காத பலகை

ஓரகத்திகள் இருவர் ஒரே வீட்டில் குடித்தனம் செய்வது எங்கும் நடப்பதுதான். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதும் எங்கேயாவது நடக்கலாம். ஆனால் ஒரே வகுப்பில், ஒரே கரும்பலகையில், ஒருத்தி எழுதிவிட்டுப் போனதைத் துடைத்துவிட்டு அடுத்தவள் எழுதுவது என்றால் அது கொஞ்சம் அதிகம்தான். பெரியவளுக்கு ஆறு வருடமாக அதுதான் பிழைப்பு.

வீட்டுக்கு மூத்த மருமகள் என்பதால் அவள் பெரியவள். பள்ளியில் பூகோளம் எடுக்கிறாள். கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் சின்னவள், கணக்கு எடுக்கிறாள். வயதிலும் முறையிலும்தான் பெரியவள் பெரியவள். உயரத்தில் சின்னவளின் தோளுக்குத்தான் வருவாள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல இருப்பதால் பிள்ளைகள் அவளுக்குப் "பூகோளம்" என்றே பேர் வைத்திருந்தார்கள். பாடத்தைச் சொல்கிறார்களா, உருவத்தைச் சொல்கிறார்களா என்று அவள் விசாரிக்கப் போனதில்லை.

பத்தாம் வகுப்புக்கு இரண்டாவது பீரியட் கணக்கு, மூன்றாவது பூகோளம். மணி அடித்ததும் சின்னவள் வெளியே வருவாள், பெரியவள் உள்ளே போவாள். வாசலில் ஒரு சிரிப்பு, "வரேன்க்கா" என்று ஒரு சொல். உள்ளே போனால் பலகை நிறையச் சின்னவளின் கையெழுத்து. அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரியவள் கருத்தில் அது தப்பு. அச்சுக்கு அத்தனை உயிர் கிடையாது. சமக்குறிகள் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக, நூல் பிடித்த மாதிரி நிற்கும். கவராயம் இல்லாமல் வெறுங்கையால் வட்டம் போடுவாள். தொடங்கிய இடத்திலேயே வந்து முடியும்.

பெரியவள் டஸ்டரை எடுத்தால் போதும், வகுப்பு முழுக்க ஒரே குரல்: "டீச்சர், அழிக்காதீங்க டீச்சர், இன்னும் எழுதல." முக்கால்வாசிப் பேர் எழுதி முடித்திருப்பார்கள். மனசு வராமல் சொல்வது. அவளே அரைமணி நேரம் பாடுபட்டுப் போட்ட வரைபடத்தை அழிக்கும்போது மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கமாட்டார்கள்.

வீட்டில் மாமியார் வேறு. "சின்னவ எழுதின சாமான் லிஸ்டைக்கூடக் கிழிச்சுப் போட மனசு வர்றதில்ல" என்று சொல்லி, துவரம்பருப்பும் சோப்பும் எழுதிய துண்டுக் காகிதங்களைக்கூட அலமாரியில் அடுக்கி வைத்திருந்தார். அந்த வீட்டில் சாமான் லிஸ்டைப் பத்து வருடம் எழுதிக்கொண்டிருந்தவள் பெரியவள். ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பள்ளியில் அப்போது இருந்தது சுவரிலேயே சிமென்ட் பூசிக் கறுப்படித்த பழைய பலகை. யாரோ எப்போதோ பளபளக்கும் பெயிண்டை அடித்துவிட்டதால், ஜன்னல் வெளிச்சம் பட்டு நடுவில் கண்ணாடி மாதிரி மின்னும். இடப்பக்கம் உட்காரும் பிள்ளைகளுக்குக் கண்டங்களில் ஒன்றிரண்டு எப்போதும் தெரியாது. புதுப் பலகை வேண்டும் என்று முதலில் கேட்டவள் பெரியவள். ஒரு வருடம் இல்லை, நாலு வருடம். ஒவ்வொரு வருடமும் ஜூன் மாதம் ஒரு மனு. மனுவோடு இரண்டு பக்கக் கட்டுரை: "கரும்பலகையின் வரலாறும் பயன்களும்."

அந்தக் கட்டுரையை அவள் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு பிள்ளையும் மடியில் ஒரு சிலேட்டை வைத்திருந்தது; ஆசிரியர் ஒரே கணக்கைப் பிள்ளை பிள்ளையாகப் போய் எழுதிக் கொடுத்தார். சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்பு ஒரு பூகோள ஆசிரியர், வரைபடத்தை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் காட்டுவதற்காகச் சுவரில் பெரிய கறுப்புப் பலகையை மாட்டி, வண்ண வண்ணச் சாக்குக்கட்டிகளால் வரைந்தார் என்று சொல்கிறார்கள். பிறகு சுரங்கத்திலிருந்து கல் பாளங்கள் வந்தன, பிறகு வண்ணம் பூசிய மரம், பிறகு எனாமல் ஏற்றிய இரும்பு. கண்ணுக்கு இதம் என்று நிறம் பச்சையாயிற்று. பேர் மட்டும் கரும்பலகை என்றே நின்றுவிட்டது. பயன்கள் பகுதியில் அவளுக்கே பிடித்த ஒரு பத்தி இருந்தது: "கரும்பலகையில் எழுதும் ஆசிரியரால் பிள்ளையைவிட வேகமாக ஓட முடியாது. கை எழுதும் வேகத்தில்தான் பாடம் நகரும். தப்பு வந்தால் எல்லோர் கண்ணெதிரிலும் வரும். எல்லோர் கண்ணெதிரிலும் அழியும். ஆகவே தப்புச் செய்வது அவமானமில்லை என்று வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிக்கொடுக்கும் சாதனம் இது ஒன்றுதான்."

நாலாவது ஜூனில் பெற்றோர் சங்கம் இறங்கிவந்தது. பதினாறு அடி நீளத்தில், பச்சை நிறத்தில் பலகை வாங்கலாம் என்று முடிவாயிற்று.

பலகை வந்தது ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கு அடுத்த தெருவில் இருப்பதால் அவர்கள் வீட்டில் எப்போதும் ஒரு சாவி இருக்கும். தலைமையாசிரியை வீட்டுக்குப் போன் செய்து, "ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் போய்த் திறந்துவிடச் சொல்லுங்கம்மா" என்றார். போனை எடுத்தவர் மாமியார். சின்னவள் அன்று அவரைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. ஆகவே பெரியவள் போனாள்.

பலகைக்காரர் ஐம்பது வயதுக்காரர். கூட இருவரை வைத்துக்கொண்டு மட்டம் பார்த்து, திருகாணி முடுக்கி, மதியத்துக்குள் மாட்டி முடித்தார். கூட வந்தவர்கள் வண்டிக்குப் போன பிறகு அவர் மட்டும் நின்றார்.

"டீச்சர், ஒரு விஷயம். இதை யாரும் கேக்கமாட்டாங்க, சொன்னாலும் செய்யமாட்டாங்க. ஆனாலும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க."

"புதுப் பலகை மேல நேரா எழுதிடாதீங்க. சாக்பீஸைப் படுக்க வெச்சு மேல இருந்து கீழ ஒரு தடவை, குறுக்க ஒரு தடவை, இண்டு இடுக்கு விடாம வெள்ளையடிக்கற மாதிரி முழுப் பலகையும் தேய்க்கணும். அப்புறம் காஞ்ச டஸ்டரால துடைச்சிடணும். இதே மாதிரி ரெண்டு தடவை."

"செய்யலேன்னா?"

"இந்தப் பலகைக்கு உடம்பு பூரா பொடிப்பொடியா துவாரம். மொதல்ல எது வந்து விழுதோ அதைப் பிடிச்சுக்கும். வெறும் பொடி விழுந்துச்சுன்னா அதோட வயிறு ரொம்பிடும், அப்புறம் சமத்தா இருக்கும். நேரா எழுதிட்டீங்க, அந்த எழுத்தைப் பிடிச்சுக்கும். நீங்க என்ன துடைச்சாலும் விடாது." அவர் திருப்புளியைப் பைக்குள் போட்டார். "போன வருஷம் ஒரு ஸ்கூல்ல அவசரப்பட்டு மொதல்ல 'சத்தம் போடாதே'ன்னு எழுதிட்டாங்க. இன்னிக்கு வரைக்கும் அறிவியல் பாடமானாலும் சரி, சரித்திரமானாலும் சரி, பின்னால 'சத்தம் போடாதே' நிக்குது."

பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவர் போனதும் சாக்பீஸ் பெட்டியை எடுக்க அலுவலக அறைக்குப் போனாள். முழுப் பலகையையும் அவளே தேய்ப்பது என்று முடிவு. தன் கையால் முதல் பொடி விழ வேண்டும். திங்கட்கிழமை முதல் வரைபடமும் தன்னுடையதுதான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நாலு வருடம் கேட்டு வாங்கியவள் வேறு யார்?

சாக்பீஸ் பெட்டிக்குப் பக்கத்தில், மேஜை மேல் சுற்றறிக்கை இருந்தது. திங்கள் காலை பத்து மணிக்குப் புதுப் பலகைத் திறப்பு. பெற்றோர் சங்கத்தார் வருகிறார்கள். முதல் பாடம்: கணக்கு ஆசிரியை. பாடத் தலைப்பு: கரும்பலகையின் வரலாறும் பயன்களும்.

பின்னால் இரண்டு பக்கம் குத்தியிருந்தது. அவளுடைய கட்டுரைதான். புதிதாக டைப் செய்திருந்தார்கள். மேலே பேர் இல்லை, கீழேயும் இல்லை. ஓரத்தில் தலைமையாசிரியையின் பென்சில் எழுத்து: "முக்கியமான பகுதிகளை உங்கள் அழகான கையெழுத்தில் பலகையில் எழுதிப் பேசவும்."

பெரியவள் அதை இரண்டு தடவை படித்தாள். "உங்கள் அழகான" என்ற இடத்தை மட்டும் மூன்றாவது தடவையும் படித்தாள்.

பெட்டியோடு வகுப்புக்குத் திரும்பினாள். ஒரு சாக்பீஸை எடுத்துப் படுக்க வைத்துப் பலகையின் இடது மூலையில் அழுத்தினாள். பலகை சில்லென்று இருந்தது. இழுக்கவில்லை. பிறகு சாக்பீஸைப் பெட்டியில் மற்றவற்றோடு நேராக அடுக்கி, மூலையில் பட்ட வெள்ளையைப் புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள். அறையைப் பூட்டினாள். தான் எதுவும் செய்யவில்லை என்று வழி நெடுக அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அது உண்மையும்தான்.

சாயங்காலம் சின்னவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள்.

"பலகை வந்துடுச்சாக்கா? எப்படி இருக்கு?"

"இருக்கு. பச்சையா."

"பலகைக்காரர் ஏதாவது சொன்னாரா? எப்படி வெச்சுக்கணும், எதால துடைக்கணும்னு?"

"அவர் என்ன சொல்வார்? மாட்டினார், போனார்."

சின்னவள் போகாமல் கதவுக் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தாள். "திங்கக்கிழமை என்னை எடுக்கச் சொல்லியிருக்காங்கக்கா. நேத்தே சொல்லிட்டாங்க. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? நல்லா எழுது. நல்லா அழுத்தி எழுது, கடைசி பெஞ்சு வரைக்கும் தெரியணும்."

திங்கட்கிழமை பெற்றோர் சங்கத்தார் பத்துப் பேர் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பெரியவளுக்கும் அங்கேயே ஒரு பிள்ளைகள் பெஞ்சில்தான் இடம். முட்டி இடித்தது. சின்னவள் வந்தாள், பலகையின் மேல் விளிம்பை ஒட்டித் தலைப்பை எழுதினாள், எழுதி முடித்துத் திரும்பியதும் யாரோ கைதட்டினார்கள். தலைப்புக்கே கைதட்டல்.

பெரியவள் தன் வாக்கியங்களை அடுத்தவள் வாயிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சிலேட்டு வந்தது. கல் பாளம் வந்தது. சின்னவள் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினாள், சிரிக்க வேண்டிய இடத்தில் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள். அந்த இடத்தில் சிரிப்பு இருந்ததே எழுதியவளுக்குத் தெரியாது. பூகோள ஆசிரியர் வந்து பலகையை மாட்டினார். அவர் மாட்டி முடிப்பதற்குள் சின்னவள் சொன்னாள்: "ஆனா அவருக்கும் முன்னாடியே ஒரு கணக்கு வாத்தியார் பெரிய பலகையில எழுதிக் காட்டினார்னும் சிலர் சொல்றாங்க. எங்க ஆளை விட்டுக்கொடுக்க முடியுமா?"

பெற்றோர்கள் சிரித்தார்கள். தலைமையாசிரியை சிரித்தார். பெரியவளும் பல்லைக் காட்டினாள். அந்தக் கணக்கு வாத்தியாரைப் பற்றி அவளும் நூலகத்தில் படித்திருந்தாள். வேண்டுமென்றே விட்டிருந்தாள்.

பதினாறு அடியும் நிறைந்த பிறகு பாடம் முடிந்தது. "தப்பு வந்தால் எல்லோர் கண்ணெதிரிலும் வரும், எல்லோர் கண்ணெதிரிலும் அழியும்" என்று கடைசியாக எழுதி, அடிக்கோடு போட்டு, "எப்படி அழியுதுன்னு பாருங்க" என்று சின்னவள் டஸ்டரை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.

வெள்ளை போயிற்று. எழுத்து போகவில்லை.

மறுபடியும் துடைத்தாள். அடிக்கோடுகூட அப்படியே சாம்பல் நிறத்தில் நின்றது. பிள்ளை ஒருவன் ஈரத்துணி கொண்டுவந்தான். ஈரத்தில் எல்லாம் மறைந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் "அப்பாடா" என்றார். அவர் செருப்பை மாட்டிக்கொள்வதற்குள் பலகை காய்ந்து, எழுத்தெல்லாம் திரும்பி வந்து வரிசையாக நின்றது.

"என்னம்மா இது, எழுதினியா செதுக்கினியா?" என்று தலைமையாசிரியை எல்லோர் முன்னாலும் கேட்டார். சின்னவளின் காது சிவந்தது. பெரியவளுக்கு உள்ளே ஏதோ இனித்தது. பக்கத்தில் இருந்த பெற்றோரிடம், "அழுத்தி எழுதற கை அவளுக்கு" என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்த இனிப்பு ஒரு நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் அவள் சமுத்திரங்களை வரைந்தாள். வரைந்து தள்ளி நின்று பார்த்தால், சமுத்திரத்தின் நடுவில் "கண்ணுக்கு இதம்" என்று சின்னவள் மிதந்துகொண்டிருந்தாள். மலைத்தொடரின் மேல் "கணக்கு வாத்தியார்" ஏறி நின்றார். அழிக்க வேண்டாம் என்று பிள்ளைகள் இனிமேல் கெஞ்ச வேண்டிய தேவையே இல்லை. அழித்தாலும் அழியாது. முன்பெல்லாம் நாற்பத்தைந்து நிமிடமாவது பலகை முழுக்க அவளுடையதாக இருந்தது. இப்போது அவள் பீரியடிலும் சின்னவள்தான்.

இன்னும் ஒன்று நடந்தது. அடுத்த வாரம் திருத்துவதற்கு வந்த பூகோள நோட்டுகளைத் திறந்தால், ஏழெட்டுப் பிள்ளைகளின் எழுத்தில் சின்னவளின் சுழிகள். நாள் முழுக்கக் கண்ணெதிரில் நிற்பதைப் பார்த்துப் பார்த்துக் கை பழகியிருக்கிறது. "ழகரம் எவ்ளோ அழகா வருது பாருங்க டீச்சர்" என்று ஒரு பெண் அவளிடமே காட்டினாள். பள்ளியைப் பார்க்க வந்த யாரோ ஒரு அதிகாரி அந்தப் பேய் எழுத்தைப் பார்த்துவிட்டு, "அழிக்காம வெச்சிருக்கிறதும் நல்லதுதான்" என்றார்.

சின்னவளோ வீட்டில் முகம் வாடித் திரிந்தாள். மாமியார் அவளுக்குத் தனியாகக் காப்பி போட்டு மாடிக்கு அனுப்பினார். "பாவம், நல்லதுக்குப் போய்ப் பேச்சு வாங்கிட்டா" என்று பெரியவளிடமே வந்து புலம்பினார். பெரியவளுக்குத் தலைவலி வந்தபோது ஒரு தடவைகூட மாடியோ கீழோ தனிக் காப்பி வந்தது கிடையாது.

இரண்டாவது வாரக் கடைசியில் பெரியவளால் முடியவில்லை. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போனாள்.

"மேடம், அந்தப் பலகையில என்னால வரைபடம் போட முடியல. மாட்டினவரைக் கூப்பிட்டுக் கேளுங்க. காசு வாங்கிட்டு இப்படியா குடுப்பாங்க?"

"நானும் அதான் நினைச்சேன்" என்று தலைமையாசிரியை அங்கேயே போனை எடுத்தார். அவர் பேசி முடித்து வைத்த பிறகுதான், தான் யாரைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறோம் என்பது பெரியவளுக்கு உறைத்தது. எரிச்சல் அந்த அளவுக்குக் கண்ணை மறைத்திருந்தது.

பலகைக்காரர் மறுநாளே வந்தார். பள்ளி விட்டு வகுப்பு காலியாக இருந்தது. தலைமையாசிரியை இரண்டு டீச்சர்களையும் வரச் சொல்லியிருந்தார். பலகைக்காரர் பலகையை விரல் நுனியால் தொட்டு, விரலைப் பார்த்து, ஒரு வரியை மனசுக்குள் படித்தார்.

"யாரும் தேய்க்கலியா?"

"என்ன தேய்க்கணும்?" என்றார் தலைமையாசிரியை.

"மொதல்ல சாக்பொடி தேய்க்கணும்னு சனிக்கிழமையே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, டீச்சர்கிட்ட. 'சத்தம் போடாதே' கதைகூடச் சொன்னேன். சிரிச்சாங்க."

"எந்த டீச்சர்கிட்ட?"

பெரியவளின் பத்து வருட வேலை, நாலு வருட மனு, ஜூன் ஜூனாக நூலகத்தில் உட்கார்ந்தது எல்லாம் இந்த ஒரு கேள்வியில் கழன்று விழப் போகிறது. இனிமேல் இந்தப் பள்ளியில் அவள் பலகை கேட்டவள் இல்லை, பலகையைக் கெடுத்தவள்.

"என்கிட்டதான் மேடம்" என்றாள் சின்னவள். "நான்தான் மறந்துட்டேன்."

பலகைக்காரர் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். சின்னவளைப் பார்க்க ஏறவும், பெரியவளைப் பார்க்க இறங்கவும் வேண்டியிருந்தது. வீட்டில் மருமகள்கள் உள்ள மனிதர்போல. "யார்கிட்டயோ சொன்னேன். நான் சொல்லாம போகல, அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு, தேவையே இல்லாமல் டேப்பை இழுத்துப் பலகையின் அகலத்தை அளந்தார்.

சனிக்கிழமை யார் வந்தது என்று சின்னவளுக்குத் தெரியும். அவர் என்ன சொன்னார் என்று கேட்டவளும் அவள்தான், ஒன்றும் சொல்லவில்லை என்று பதில் வாங்கிக்கொண்டவளும் அவள்தான். பலகைக்காரர் வாயைத் திறந்த அந்த நிமிடமே அவளுக்கு முழுக்கப் புரிந்திருக்கும். புரிந்த பிறகுதான் சொல்கிறாள்.

பெரியவளுக்குத் தப்பித்தோம் என்ற மூச்சு வந்தது. பாதி மூச்சுக்குள் தலைமையாசிரியை பேசினார்.

"சரி, போகட்டும்மா. ஒத்துக்கிட்டியே, அதுவே பெருசு. இந்தக் காலத்துல யாரு தன் தப்பைத் தானே வந்து சொல்றா? அதுக்கு ஒரு மனசு வேணும்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிதல்கூட அவளுக்கு அழகாக இருந்தது. கையெழுத்து, உயரம், காப்பி, கைதட்டல்; இப்போது மனசு வேறு. பெரியவளின் நெஞ்சில் என்னவோ நிமிர்ந்து உட்கார்ந்தது. இதையும் இவளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பதைவிட வேலை போனாலும் தேவலை.

"அவ பொய் சொல்றா மேடம்" என்றாள்.

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"சனிக்கிழமை வந்தது நான். இவர் சொன்னது என்கிட்ட. நான் ஒண்ணும் மறக்கல. சாக்பீஸைக் கையில எடுத்தேன், பலகையில வெச்சேன், திரும்பப் பெட்டியில போட்டேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது. பண்ணாத தப்பை ஒத்துக்கறதுல என்ன மனசு வேண்டிக் கிடக்கு?"

பலகைக்காரர் டேப்பை விட்டார். அது சர்ரென்று சுருண்டு உள்ளே போயிற்று.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்றார் தலைமையாசிரியை. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

"முதல் வகுப்பை அவளுக்குக் குடுத்திருந்தீங்க. நான் எழுதினதையும் எடுத்து அவகிட்ட குடுத்திருந்தீங்க."

"நீங்க எழுதினதா?" அவர் பலகையில் நின்ற சாம்பல் எழுத்துகளைப் பார்த்தார். "ஆமா. நீங்கதானே ஜூன் மாசம் ஜூன் மாசம்... டைப் அடிச்சதுல பேர் விட்டுப்போச்சு. நானும் பாக்கல." நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டுவதற்காக வாயைத் திறந்து, எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்போல மூடிக்கொண்டார். பிறகு பலகைக்காரரிடம், "இதைச் சரி பண்ண முடியுமா?" என்றார்.

"தேய்ச்சு எடுத்துட்டு மறுபடியும் பூச்சுக் குடுக்கணும். ஒரு வாரம் காயணும். அப்புறம் சாக்பொடி. அது மட்டும் என்னால சொல்லத்தான் முடியும் மேடம்."

"சாக்பொடியை இவங்க ரெண்டு பேரும் தேய்ப்பாங்க. நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து பாப்பேன். பொய் சொன்னதுக்கு ஒருத்தர், உண்மையை மறைச்சதுக்கு ஒருத்தர்." அவர் எழுந்துகொண்டார். "முதல் பாடத்தை நானே எடுத்துக்கறேன். சாக்பீஸைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

வெளியே வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. இருவரும் பள்ளிக் கதவைத் தாண்டினார்கள். சின்னவள் நீளமாக அடி எடுத்து வைப்பவள். அன்று மெதுவாக நடந்தாள். அந்த மெதுவும் பெரியவளுக்குப் பொறுக்கவில்லை.

"எதுக்கு அப்படிச் சொன்னே? பெரிய தியாகி மாதிரி."

"தியாகமெல்லாம் இல்லக்கா. அத்தை காதுக்குப் போனா வீடு ரெண்டு மாசத்துக்கு வீடா இருக்காது. அது ஒண்ணு." சின்னவள் கைப்பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "நானும் ஒண்ணு பண்ணியிருக்கேன். அது ஒண்ணு."

"நீ என்ன பண்ணே?"

"மேடம் அந்தக் காகிதத்தைக் குடுத்தப்பவே அது உங்களோடதுன்னு தெரிஞ்சுபோச்சு. நம்ம வீட்டுல 'ஆகவே'ன்னு யாரு எழுதறா? உங்க பேரைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணும்னு போனேன். அங்க நின்னதும் வாய் வரல."

"ஏன் வரல?"

"நல்லா இருந்துச்சுக்கா." அதைச் சொல்லும்போது சின்னவளின் குரலில் எரிச்சல் இருந்தது, பெரியவளுக்கு நன்றாகப் பழக்கமான எரிச்சல். "நானே எழுதினதா அவங்க நினைச்சா நினைக்கட்டும்னு விட்டுட்டேன். எனக்குக் கையெழுத்து வரும், எழுத வராது. பூச்சியம் போடு, வட்டம் போடுன்னா போடுவேன். அந்த மாதிரி நாலு வரி எழுதச் சொன்னா ஒரு ராத்திரி பூரா உக்காந்தாலும் வராது. அந்தக் கடுப்புலதான் கணக்கு வாத்தியாரைத் தேடிக் கண்டுபிடிச்சு நடுவுல சொருகினேன்."

பெரியவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பேரை விழுங்கியவள் எதிரிலேயே நின்று ஒத்துக்கொள்கிறாள். பதிலுக்குக் கேட்க ஆறு வருடத்துக் கேள்விகள் கையில் இருந்தன. ஆனால் அவள் மனசு அதில் எதையும் எடுக்கவில்லை. தன்னைப் பார்த்து, இவள், இந்தச் சின்னவள், வயிறெரிந்திருக்கிறாள். அதுவும் ராத்திரி உட்கார்ந்து யோசிக்கிற அளவுக்கு. அந்தச் செய்தியைப் பெரியவள் நடந்துகொண்டே உள்ளுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தெருத் திரும்பியது. வீட்டுக் கதவு கண்ணுக்குத் தெரிந்தது. மாமியார் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக் கையசைத்தார்.

"அப்படி என்ன நல்லா இருந்துச்சு அதுல?" என்றாள் பெரியவள், எங்கோ பார்த்துக்கொண்டு.

"எல்லாமேதான்."

"எல்லாம்னா? ஒண்ணொண்ணாச் சொல்லு" என்று அவள் நடையைக் குறைத்தாள்.